பழைய வேனும் துருவும்



தோட்டப்புறங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய வேன் இருக்கிறது. வேலை நாட்களில் அதில் உரமும் காய்கறியும் ஏற்றுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கோவிலுக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் அதிலேயே புறப்படுகிறோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய அந்த வண்டியின் எஞ்சின் நன்றாக ஓடும்போதே, உடம்பைத் துரு தின்றுவிடுவது உண்டு. ஜாக்கியும் சாவிகளும் வைக்கும் பெட்டி, இருக்கைக்கு அடியில் உள்ள சாமான் அறை, பின்கதவை ஒட்டிய பள்ளம் ஆகிய இடங்களே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. அதற்குக் காரணம் என்ன, அதை எப்படித் தடுப்பது என்று இன்று பார்ப்போம்.

இரும்பும், நீரும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஒன்று சேர்ந்தால் துரு உண்டாகும். வேனின் கூரை நாள்தோறும் மழையில் நனைகிறது. ஆனால் வெயில் பட்டதும் காய்ந்துவிடுகிறது. பெட்டியின் அடித்தட்டு அப்படியன்று. கதவிடுக்கின் வழியே உள்ளே போன நீர் வெளியேற வழியின்றி வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகவே, மழையைவிடத் தேங்கிய ஈரமே வண்டிக்குப் பெரிய பகை.

இந்த ஈரத்தோடு உப்பு சேர்ந்தால் துரு இன்னும் விரைவாகப் பரவும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்திய ஒரு பிடி உரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகரத்தை அரிக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் இரும்பைத் தின்னும். அமிலத்தை ஆட்கள் அமரும் வண்டியில் ஏற்றவே கூடாது.

துரு பிடித்தால் வண்டியின் அழகு மட்டுமா கெடும்? அடித்தளத்தில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் புகை உள்ளே நுழையலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் உண்டாக்கி, உயிரையும் பறிக்கும். பின்னால் தூங்கிக்கொண்டு வரும் குழந்தைக்கு இதைச் சொல்லத் தெரியுமா? இருக்கையைப் பிணைக்கும் இடமும், ஜாக்கி ஊன்றும் இடமும் துருப்பிடித்து வலுவிழந்தால் அவையும் ஆபத்தே.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். நல்ல வெயில் நாளாகத் தேர்ந்தெடுத்து, பெட்டியிலுள்ள சாமான்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுவோம். விரிப்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். சாயம் கொப்புளம் போல் உப்பியிருந்தால் அதன் அடியில் துரு இருக்கிறது என்று அறியலாம். திருப்புளியின் முனையால் மெல்லக் குத்திப் பார்ப்போம். தகரம் உறுதியாக இருந்தால் நாமே சீர்செய்யலாம். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து ஒட்ட வேண்டும். அது பட்டறைக்காரரின் வேலை. பெட்ரோல் தொட்டியின் அருகில் தீப்பொறி பறக்கும் வேலை எதையும் நாம் செய்யக் கூடாது.

அடுத்து, நீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டுடன் இருக்கட்டும். மற்றொருவர் வெளியிலிருந்து கதவின் மேல் நீர் ஊற்றட்டும். கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுவோம். கதவின் அடியிலும் பெட்டியின் அடியிலும் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். மண்ணும் சருகும் அவற்றை அடைத்திருந்தால் மெல்லிய குச்சியால் நீக்க வேண்டும். இந்த வேலைக்குக் காசு செலவில்லை. ஆனால் பலன் மிகப் பெரிது.

பிறகு உப்பும் உரமும் போகும்படி நல்ல நீரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்தபின், கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்ப்போம். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும், கண்ணாடி, முகமூடி, கையுறை அணிவதும் நல்லது. பிள்ளைகளை அருகில் விடக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் உணவைத் தொட வேண்டும்.

தேய்த்தும் போகாத குழிகளுக்குத் துருமாற்றி மருந்து கடைகளில் கிடைக்கிறது. குப்பியில் எழுதியுள்ளபடி அதைப் பூசி உலரவிடுவோம். தேய்த்த இரும்பை அடுத்த வாரத்திற்கு விட்டுவைக்கக் கூடாது. நம் நாட்டு ஈரக்காற்றில் அது விரைவிலேயே மீண்டும் துருப்பிடிக்கும். ஈரம் முழுதும் உலர்ந்ததும், தாமதிக்காமல் துருத்தடுப்பு அடிப்பூச்சுப் பூச வேண்டும். அது காய்ந்தபின் சாயத்தை மெல்லியதாக இரண்டு முறை பூசலாம். துருவைச் சுரண்டாமல் அதன் மேல் சாயம் அடிப்பதில் பயனில்லை. கண்ணுக்கு மறைந்த துரு உள்ளே தொடர்ந்து தின்னும்.

தூரிகை நுழையாத இடுக்குகளுக்கு, வண்டிக்கென விற்கும் மெழுகுப் பூச்சைத் தெளிக்கலாம். அது பிரேக்கிலும் புகைக்குழாயிலும் படக் கூடாது. வடிதுளைகளையும் அடைக்கக் கூடாது. கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தோலுக்குத் தீங்கு. மண்ணில் சொட்டி நிலத்தையும் கெடுக்கும். அதை விட்டுவிடுவோம்.

இவ்வளவும் செய்தபின் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நனைந்த மழைச்சட்டையையும் சாக்கையும் பெட்டிக்குள் திணிக்கக் கூடாது. உரத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஏற்றுவோம். சாமான்களுக்கு அடியில் இரண்டு மரச்சட்டங்களை வைத்தால் காற்று புகும். மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து வெயில் காட்டுவோம். கிழக்குக் கரையில் உள்ளவர்கள் நவம்பரில் பருவமழை தொடங்குமுன் வடிதுளைகளைப் பார்த்துவிடுவது நலம்.

இன்று ஒரு குச்சியால் முடிகிற வேலையைத் தள்ளிப்போட்டால், நாளை பட்டறையில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க நேரிடலாம். இந்த வாரமே வண்டியின் அடித்தட்டைத் திறந்து பார்ப்போம். நம் பிள்ளைகள் அமர்ந்து செல்லும் வண்டி அல்லவா?