ஒரு படை, இரு நீதி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து மழையையும் மலைப்பாதையையும் பொருட்படுத்தாது வந்து கூடியிருக்கும் உங்கள் முன்னிலையில், கட்டுப்பாடு என்னும் பொருள்பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். கட்டுப்பாடு என்றவுடன் நினைவுக்கு வருவது படை. நம் தோட்டங்களில் காலையில் ஆட்கள் கூடும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். 'பரேட்' என்ற படைச்சொல்லே மக்கள் வாயில் பிரட்டு ஆயிற்று என்பர். ஆகவே, படையிலே ஆணையிட்டவனுக்கும் ஆணைக்கு அடங்கியவனுக்கும் நீதி எவ்வாறு வழங்கிற்று என்று ஆராய்வது நமக்குப் புறம்பான விஷயமன்று.

வேலூர்க் கோட்டையை நம் இலங்கையர் மறக்க இயலாது. நாம் வாழும் இச் சப்பிரகமுவ நாடு கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. அவ்விராச்சியத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815-இல் சிறைப்பட்டு, பின்னர் வேலூரிலே வைக்கப்பட்டு, 1832-இல் அங்கேயே உயிர் நீத்தான். அவன் அங்கே போய்ச் சேர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், அதே கோட்டையில் நடந்ததுதான் நாம் சொல்லப்போகும் சம்பவம்.

அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடக். சென்னையின் கவர்னர் வில்லியம் பென்டிங் பிரபு. சிப்பாய்கள் அணிவகுப்பின்போது நெற்றியில் சமயக்குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, தாடியை மழித்துவிடவேண்டும், தொப்பிபோன்ற புதுத் தலைப்பாகையை அணியவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே மனம் புண்பட்டனர். 1806 மே மாதத்தில் சிலர் அத்தலைப்பாகையை அணிய மறுத்தனர். அவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். வாயால் சொன்ன குறைக்குச் சவுக்கு விடை சொல்லிற்று.

வாய்ச்சொல் செவியேறாத இடத்தில் வாள் பேசும். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன்னே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஏறக்குறைய 130 வெள்ளையர் மாண்டனர். உறங்கிக் கிடந்தவர்களும் நோயாளிகளும் அவர்களுள் இருந்தனர். இச்செயலை நாம் புகழ்வதற்கில்லை. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி என்பவர் குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையைக் கைப்பற்றினார். சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தி, விசாரணையின்றியே சுட்டுத் தள்ளினர். பின்னர் விசாரணை நடத்திச் சிலரைத் தூக்கிலிட்டனர். சிலரைப் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடித்தனர்.

உத்தரவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? உத்தரவு தவறென்று கம்பெனியாரே ஒப்புக்கொண்டு அதனை ரத்துச் செய்தனர். கிரடக்கும் பென்டிங்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். அதுவும் தண்டனைதான், இல்லை என்பதற்கில்லை. ஆனால் கிரடக் 1811-இல் தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்குக் கவர்னரானார். 1819-இல் பிரபு பட்டமும் பெற்றார். பென்டிங் 1828-இல் கவர்னர் ஜெனரலாகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தவறிய தலைவனுக்கு மறுவாழ்வு உண்டு. தவறிய சிப்பாய்க்கோ மறுநாளும் இல்லை.

'வேலூரில் இரத்தம் சிந்திற்று, அதனால் கடுமை வேண்டியதாயிற்று' என்று சொல்வோர் உண்டு. அவர்கள் மூன்றாண்டு கழித்து அதே சென்னைப் படையில் நடந்ததைக் கேட்கவேண்டும். 1809-இல் கலகம் செய்தவர்கள் சிப்பாய்கள் அல்லர், வெள்ளை அதிகாரிகள். கூடாரச் செலவுக்கென்று தளபதிகளுக்கு மாதந்தோறும் கிடைத்துவந்த படி நிறுத்தப்பட்டதும், கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோவின் கண்டிப்பும் அவர்கள் சினத்துக்குக் காரணம். மசூலிப்பட்டினத்திலே தம் மேலதிகாரியையே காவலில் வைத்தனர். சீரங்கப்பட்டணத்திலே கோட்டையையும் கருவூலத்தையும் கைப்பற்றினர். அவர்களுக்குத் துணையாகச் சித்திரதுர்க்கத்திலிருந்து நடத்திச் செல்லப்பட்ட சிப்பாய்கள், வழியிலே அரசாங்கப் படையால் தாக்கப்பட்டனர், பலர் மாண்டனர். படிப்பணச் சண்டை சிப்பாய்களுடையதன்று. சாவு மாத்திரம் அவர்களுடையதாயிற்று. முடிவில் அதிகாரிகளுள் பெரும்பாலோருக்குப் பொது மன்னிப்பு. சிலருக்குப் பதவி போயிற்று; அவர்களிலும் பலர் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். தூக்குமேடை ஏறிய அதிகாரி ஒருவருமில்லை.

அன்பர்களே! ஒரே படை, ஒரே குற்றம், மூன்றே ஆண்டு இடைவெளி. தலைப்பாகைக்காக எழுந்தவன் பீரங்கி வாயில். படிப்பணத்துக்காக எழுந்தவன் மன்னிப்புப் பட்டியலில். இதற்குமேல் நாம் விரித்துரைக்க என்ன இருக்கிறது?

நூற்றாண்டு கடந்தும் இந்நோய் தீரவில்லை. 1946 பெப்ரவரியில் பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படை நிலையத்து மாலுமிகள், உணவு வாயில் வைக்கத் தகாததாயிருக்கிறது, கட்டளை அதிகாரி கிங் இழிமொழியால் ஏசுகிறார் என்று முறையிட்டனர். முறையீடு உரிய காலத்தில் தீர்க்கப்படாமையால் 18-ஆம் நாள் வேலைநிறுத்தம் மூண்டு, பல கப்பல்களுக்கும் கராச்சித் துறைமுகத்துக்கும் பரவிற்று. அடங்கியபின் பல நூறு மாலுமிகள் வேலையிழந்தனர். கிங்குக்கோ இடமாற்றம் மாத்திரமே. வேலூரில் தலைப்பாகை, பம்பாயில் சோறு. சிறு குறையைக் கேட்க மனமில்லாத தலைமையே பெருங்கலகத்துக்கு வித்திடுகிறது.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா என்று பெரியோர் கேட்பீர்கள். வேண்டும்! கட்டுப்பாடற்ற படை கூட்டம்; கட்டுப்பாடற்ற சங்கம் சந்தை. ஆனால் கட்டுப்பாடு மேலிருந்து தொடங்கவேண்டும். இது அந்நியரிடம் கற்கவேண்டிய பாடமன்று. கன்றைத் தேர்க்காலில் கொன்ற தன் மகனைத் தேர்க்காலிலேயே இட்ட சோழன் கதையைப் பெரியபுராணம் திருவாரூரில் வைத்துச் சொல்கிறது. அதே கதையை, அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் வைத்துச் சிங்கள மக்கள் போற்றும் மகாவம்சமும் சொல்கிறது. பகைவனாகக் கருதப்பட்ட மன்னனையும் நீதிக்காக அந்நூல் புகழ்கிறதென்றால், நடுவுநிலைமையின் பெருமையை என்னென்பது!

நம் வீட்டுக்கு வருவோம். பிரட்டுக்கு நேரம் தவறி வந்த தொழிலாளிக்கு அரைப்பேர் விழுந்த காலத்தில், நேரம் தவறி வந்த மேலாளுக்கு என்ன விழுந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதைக் குறைகூறும் நாமே, நம் சங்கத்திலும் கோயிலிலும் அதனைச் செய்யலாகாது. சந்தா பாக்கியுள்ள இளைஞரின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதானால், நிர்வாகிகளின் பாக்கியை முதலில் வாசிக்கவேண்டும். தாமதமாக வந்த தம்பியைக் கண்டிக்கும் அண்ணன், தாம் தாமதித்த நாளில் கடைசி வரிசையில் அமரவேண்டும். திருவிழாக் கணக்கைச் சிறுவனிடம் கேட்பதுபோலவே தர்மகர்த்தாவிடமும் கேட்கவேண்டும். கேட்டவனை அடங்காதவன் என்று ஒதுக்கலாகாது.

வாலிபர்களே, அடங்கி நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆயினும் குறையைக் காலத்தோடும் பணிவோடும் எடுத்துச் சொல்லுங்கள். பெரியோர்களே, அச்சொல்லைச் செவிமடுங்கள். நாளை இவ்வாலிபர்களே தலைமையில் அமர்வார்கள். இன்று நாம் எந்தத் தராசைக் காட்டுகிறோமோ, அதே தராசில்தான் அவர்கள் பிறரை நிறுப்பார்கள். அத்தராசு ஒன்றாகவே இருக்கட்டும்.