நீச்சல் குளமும் நிற வேலியும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவுக்கு வந்துவிட்டு, அமெரிக்க நாட்டு நீச்சல் குளங்களைப் பற்றிப் பேசப் போகிறானே இவன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது முறைதான். ஆயினும் பள்ளிக்கூடத்தின் வாசலில் நாம் தடுத்து நிறுத்தப்படுவதற்கு முன்பே குளத்தின் படித்துறையில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் என்பதை நினைவில் கொண்டால், இப்பொருள் நமக்கு அயலானது அன்று என்பது விளங்கும்.

பொதுக் கிணறுகளும் குளங்களும் அனைவர்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924இல் அவ்வாறே எழுதிவைத்தது. எழுதியதோடு சரி. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அன்றே மாநாட்டுக்கு வந்த நம் மக்கள் தாக்கப்பட்டனர். பின்னர்ப் பானை பானையாகச் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். அதே ஆண்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 1937 ஆயிற்று. நம் சென்னை மாகாணத்திலும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொதுச் சாலை, கிணறு, குளங்களுக்காகச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. ஆதலால் விரிக்கவில்லை.

இப்போது கடல் கடந்து செல்வோம். ஓகையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஒரு நகரம். எஃகு ஆலைகளுக்குப் பேர்போனது. 1951இல் அவ்வூர்ச் சிறுவர்களின் பேஸ்பால் அணி ஒன்று நகரப் போட்டியில் வென்றது. வெற்றியைக் கொண்டாட நகராட்சி நீச்சல் குளத்துக்குச் சென்றார்கள். அணியில் ஒரே ஒரு கறுப்பினச் சிறுவன். குளத்துக் காவலர்கள் அவனை மட்டும் உள்ளே விடவில்லை. மற்றச் சிறுவர்கள் வேலிக்கு உள்ளே நீந்தினார்கள். அவன் வேலிக்கு வெளியே அமர்ந்திருந்தான். உடன்வந்த பெரியவர்கள் மன்றாடிய பின் சில நிமிட நேரத்துக்கு அனுமதி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது தெரியுமா? குளத்தில் இருந்த அனைவரும் கரையேற வேண்டும்; அச்சிறுவனை ஒரு மிதவையில் ஏற்றிக் காவலர் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வருவார்; அவன் தண்ணீரைத் தொட்டுவிடக் கூடாது. அவ்வாறே சுற்றி வந்தார்கள். அச்சிறுவன் ஆல் பிரைட். பிற்காலத்தில் ஓவியராகவும் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கினார். தண்ணீரின் மேலேயே இருந்துகொண்டு தண்ணீரைத் தொடாமல் வா என்னும் கட்டளை, தீட்டு என்ற சொல்லை அறியாத நாட்டில் பிறந்தது. சொல் இல்லாவிட்டால் என்ன, செயல் இருந்ததே!

வியப்பான ஒரு செய்தியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வடமாநிலங்களின் நகராட்சிக் குளங்களில், ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பரும் ஒன்றாகவே குளித்தார்கள். ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் என்பதே அன்றைய பிரிவினை. 1920களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தத் தொடங்கியபோதுதான், கறுப்பின ஆடவர் வெள்ளைப் பெண்களின் அருகே வரலாகாது என்று நிற வேலி இறுகியது. ஜெஃப் வில்ட்சே என்னும் வரலாற்றாசிரியர் இதனை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916இல் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. படித்தவர் யார் என்று இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை.

செயின்ட் லூயி நகரில் 1949 சூன் 21ஆம் நாள், பேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தை நகராட்சி அனைவர்க்கும் திறந்தது. ஏறத்தாழ முப்பது கறுப்பினச் சிறுவர்கள் நீந்தினார்கள். மாலைக்குள் பல்லாயிரவர் கும்பல் கூடிக் கண்ணில் பட்ட கறுப்பரையெல்லாம் அடித்தது. நகராட்சி ஆணையைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் மீண்டும் திறக்கச் சொன்னபோது வெள்ளையர் பெரும்பாலோர் அக்குளத்தையே விட்டு விலகினர். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. சேர்ந்து நீந்த வேண்டுமாயின் ஒருவரும் நீந்த வேண்டாம் என்று 1963இல் பொதுக் குளங்களை மூடிவிட்டது. அது செல்லும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1971இல், ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது.

சரி, பொதுக் குளத்தை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள்? புறநகருக்குப் போனார்கள். அங்கே ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு சங்கம் அமைத்துப் பங்குப் பணம் திரட்டித் தனக்கென ஒரு குளம் வெட்டிக்கொண்டது. வாயிலில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதினார்கள். 1964இல் வந்த குடியுரிமைச் சட்டம் உணவகம், விடுதி, திரையரங்குகளின் கதவைத் திறந்தது. ஆனால் உண்மையான தனியார் மன்றங்களுக்கு அதிலிருந்து விலக்களித்தது. அந்த விலக்கே இவர்களுக்கு வேலியாயிற்று.

மேரிலாந்தில், சில்வர் ஸ்பிரிங் அருகே, வீட்டன்-ஹேவன் என்று ஒரு சங்கம். 325 குடும்பங்கள் வரை உறுப்பினராகலாம். முக்கால் மைல் சுற்றளவில் குடியிருப்பவர்க்கே முன்னுரிமை. உறுப்பினர் வீட்டை விற்றால், வாங்குபவருக்கு உறுப்பினராகும் முதல் வாய்ப்பையும் தரலாம். ஆக, குளம் வீட்டோடு ஒட்டிய ஓர் உரிமை. 1968இல் கறுப்பின மருத்துவர் ஹாரி பிரெஸ் அச்சுற்றளவுக்குள் வீடு வாங்கினார். உறுப்பினராவதற்கு அவருக்கு விண்ணப்பத் தாளே தரப்படவில்லை. அதே ஆண்டு சூலையில் டில்மன் என்னும் வெள்ளை உறுப்பினர் குடும்பம் ஒரு கறுப்பினப் பெண்மணியை விருந்தினராக அழைத்துச் சென்றது. அன்று உள்ளே விட்டார்கள். மறுநாளே சங்கம் அவசரமாகக் கூடி, இனி உறவினர் மட்டுமே விருந்தினராக வரலாம் என்று விதியை மாற்றியது. ஒரு பெண்மணி ஒருமுறை நீரில் இறங்கியதற்கு ஒரு புதிய விதி! ஊர்க்கூட்டத்தின் வேகத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

வர்ஜீனியாவின் பேர்ஃபாக்ஸ் வட்டாரத்தில் இதற்கு முன்பே இன்னொரு வழக்கு. சல்லிவன் என்னும் வெள்ளையர் தம் வீடு ஒன்றைப் பிரீமன் என்னும் கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டு, லிட்டில் ஹன்டிங் பார்க் என்ற பொழுதுபோக்குச் சங்கத்தில் தமக்கிருந்த பங்கையும் அவர் பெயருக்கு எழுதினார். சங்கம் ஏற்க மறுத்தது. கண்டித்துப் பேசிய சல்லிவனையும் வெளியேற்றியது. 1969 திசம்பரில் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வீட்டன்-ஹேவன் வழக்கிலும் 1973இல் நீதிபதிகள் ஒருமனதாக அவ்வாறே தீர்ப்பளித்தனர். இரண்டிலும் கைகொடுத்தது எது? அடிமை முறை ஒழிந்த கையோடு, நிலமும் வீடும் வாங்கவும் வாடகைக்குப் பெறவும் கறுப்பருக்கு உரிமையளித்த 1866ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு உறங்கிக் கிடந்த ஏட்டை யாரோ ஒரு வழக்கறிஞர் புரட்டிப் பார்த்திருக்கிறார். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரீமனின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்: தீர்ப்பு வந்தபோது அவர் அப்பகுதியில் குடியிருக்கவில்லை.

நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை அனைத்தையும் பெயர் சொல்லிக் காக்கிறது. ஆனால் அரசுப் பணத்தில் பேணப்படுபவை, பொதுமக்களுக்கென ஒப்படைக்கப்பட்டவை என்னும் எல்லையோடு காக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழித்திருக்கிறது. தனியார் குடியிருப்புகள் மதிலெழுப்பி உள்ளே நீச்சல் குளம் கட்டும் இந்நாளில், அவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நாம் கவனிக்காமல் இருக்கலாகாது.

அங்கும் இது முடிந்துபோன கதை அன்று. 2009இல் பிலடெல்பியா புறநகரில், பணம் கட்டி நீந்த வந்த கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குழந்தைகளை ஒரு மன்றம் முதல் நாளுக்குப் பின் வரவேண்டாம் என்றது. நடுவண் அரசு வழக்குத் தொடுத்து, 2012இல் இழப்பீட்டோடு அது முடிந்தது.

ஆனால் எந்த நீதிமன்றமும் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று உண்டு. நீந்தத் தெரியாத தாய் தகப்பன் தம் பிள்ளையை நீரண்டை விட அஞ்சுவர். அப்பிள்ளையும் அவ்வாறே வளரும். 1999 முதல் 2010 வரையிலான இறப்புகளை அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம் கணக்கிட்டது. நீச்சல் குளங்களில் மூழ்கி இறந்த 5 முதல் 19 வயதினரில், கறுப்பினப் பிள்ளைகளின் இறப்பு விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைப்போல் 5.5 மடங்கு. 11, 12 வயதில் பத்து மடங்கு. 2010 ஆகத்து 2ஆம் நாள் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரருகே, சிவப்பு ஆற்றில் விளையாடிய கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஆழத்தில் சறுக்கினான். அவனைக் காக்க ஒருவர்பின் ஒருவராக இறங்கிய இளம்பிள்ளைகள் ஆறு பேர் மூழ்கினர். அவனை வழிப்போக்கர் ஒருவர் காப்பாற்றிவிட்டார். கரையில் நின்ற பெற்றோரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

நான் பிறந்த ஊரில் கோயில் குளம் இருந்தது. அதில் எங்கள் தெருப் பிள்ளைகள் கால் நனைத்ததில்லை. கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில் தத்தளித்துக் கற்றவர்கள் சிலர். கற்கும்போதே போனவன் ஒருவன், என்னோடு நான்காம் வகுப்பில் படித்தவன். அதன்பின் என் தாயார் என்னை எந்த நீரிலும் இறங்க விடவில்லை. இந்த வயதிலும் எனக்கு நீந்தத் தெரியாது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சொல்லை நம் கழகம் நன்கறியும். முதல் தலைமுறை நீச்சல்காரன் என்றும் ஒருவன் உண்டு.

ஆதலால் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுதியில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளில், நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று இவ்வாரத்திலேயே கணக்கெடுங்கள். பொதுப் பணத்தில் கட்டிய நீச்சல் குளங்களில் பயிற்சி நேரம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் அணியின் பயிற்சிக் கட்டணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.