ஓரையன் மேகமும் பெருவிண்மீன்களின் ஜனனமும்



மார்கழி முன்னிரவில் கீழ்த்திசையில் எழுவதும், மேலைநாட்டார் ஓரையன் என்னும் வேட்டுவனாகப் பாவித்ததும், நம்மவர் மிருகசீரிடம் என்றும் திருவாதிரை என்றும் நாள் கணித்ததுமான நட்சத்திர மண்டலத்தில், வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்குச் சற்றுத் தெற்கே மங்கிய வெண்திட்டு ஒன்றைக் கூர்ந்த பார்வையுடையோர் வெறுங்கண்ணாலேயே காணலாம். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அத்திட்டின் பிரகாசமன்று, அதன் பின்னே இருண்டு கிடக்கும் வாயுமேகமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சூரியனைப்போல் எட்டு மடங்கும் அதற்கு மேலும் பொருண்மையுள்ள நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகவே பிறக்கின்றன. வாயு இன்னும் வந்து விழுந்துகொண்டிருக்கையிலேயே அவை சுடர்விடத் தொடங்குவதால், ஒளி தூசியை வெளியே தள்ள, ஆகர்ஷண சக்தி வாயுவை உள்ளே இழுக்க, இவ்விரண்டில் எது வெல்லும் என்னும் வினா விஞ்ஞானிகளை நெடுங்காலம் வருத்தியது. வாயு தட்டையான வட்டாகச் சுழன்று சேருமாயின் ஒளி இரு துருவங்களின் வழியே வெளியேறிவிடும் என்பது விடை. ஆனால் அவ்விடை கணக்கில் நின்றால் போதாது, வாயுவிலேயே காணப்பட வேண்டும்.

தூசி மறைப்பதால் அங்கே கண் பயன்படாது. ரேடியோ அலைகளே துணை. 1968-இல் சார்லஸ் டவுன்ஸும் அவர்தம் தோழர்களும் விண்வெளியில் கண்டறிந்த அம்மோனியா இவ்வகையில் பேருபகாரி. அதன் நைட்ரஜன் அணு, காற்றில் மடங்கி நிமிரும் குடைபோல, மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் தளத்துக்கு அப்புறமும் இப்புறமும் விநாடிக்கு 2,000 கோடி முறைக்குமேல் ஊசலாடி, ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பல நிறமாலைக் கோடுகளை வெளியிடுகிறது. மூலக்கூறு சுழலும் நிலைக்கேற்பக் கோடு சிறிது இடம்பெயரும். ஆதலின் கோடுகளின் வலிமையை ஒப்பிட்டு வாயுவின் உஷ்ணத்தை அறிகிறோம். இருண்ட மேகத்தில் 10, 20 கெல்வின். புதிய பெருவிண்மீனை அண்டினால் 100 கெல்வினுக்கும் மேல். அங்கே தூசியில் உறைந்திருந்த பனி ஆவியாகி, மெத்தனால் முதலியவை வாயுவில் கலக்கின்றன.

ஓரையன் மேகத்தில் 1967-இல் பெக்லினும் நியூகெபவரும் அகச்சிவப்புக் கதிரால் கண்டு அறிவித்த விண்மீனும், ‘சோர்ஸ் ஐ’ எனப்படும் மற்றொன்றும், ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு திசைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வோட்டத்தைப் பின்னோக்கிக் கணித்தால், நாம் காணும் காலக்கணக்கில், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் அவை மிக நெருங்கியிருந்தமை புலனாகிறது. அவ்விடத்தைச் சூழ்ந்தே வாயு, விரித்த விரல்களென நாற்புறமும், சில இடங்களில் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சிதறியோடுகிறது. நெருங்கிய நட்சத்திரங்கள் ஒன்றையொன்று வீசியெறிந்ததன் விளைவு இதுவென்பர். நட்சத்திரங்கள் இடம்விட்டு அகன்றபின்னும் நடந்ததைச் சொல்லும் சாட்சி வாயுவே. எனவே பெருவிண்மீனைத் தனியே எடுத்து ஆராய்வோர் அதன் சரித்திரத்தில் பாதியை இழக்கின்றனர் என்பது என் துணிபு.

அத்தனை கொந்தளிப்புக்குப் பின்னும் சோர்ஸ் ஐயைச் சுற்றி வட்டொன்று சுழல்கிறது. சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரத்தில் நிறுவிய அல்மா தொலைநோக்கி, அவ்வட்டில் நம் அடுக்களையில் புழங்கும் உப்பே ஆவியாக இருப்பதைக் காட்டிற்று. 2019-இல் வெளியான அவ்வாய்வு, அவ்வுப்பாவி சுழலும் வேகத்தைக்கொண்டு, நடுவிலுள்ள விண்மீனின் பொருண்மை சூரியனைப்போல் ஏறத்தாழ 15 மடங்கென்று நிறுத்துக் கூறியது.