பூட்டுக்குள் ஒரு வகுப்பு: யார் அதற்குத் தலைமையாசிரியர்?

மாவட்டம் மாவட்டமாகப் பஸ் ஏறி வந்திருக்கும் ஆசிரியத் தோழர்களே!

காலையிலிருந்து ஊதிய முரண்பாட்டைப் பேசினோம், பழைய ஓய்வூதியத்தைப் பேசினோம். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். இப்போது நம் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைகளுக்காகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். வழக்கில் பிடிபட்ட சிறார்களை வைக்கும் அரசினர் கூர்நோக்கு இல்லங்களிலும் சிறப்பு இல்லங்களிலும் இருக்கிற பிள்ளைகளைச் சொல்கிறேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட் ஆச்சே" என்று முன்வரிசையில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. அய்யா, அந்த ஒரு வார்த்தையை எதிர்த்துப் பேசத்தான் நான் இங்கே ஏறி நிற்கிறேன்.

செங்கல்பட்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1887. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று சட்டம் போட்ட மாகாணம் நம் சென்னை மாகாணம், 1920-இல். இவ்வளவு பெருமையும் பேசிக்கொண்டிருந்த நாட்டில்தான், 2022 டிசம்பரில், அதே செங்கல்பட்டில், திருட்டு வழக்கில் பிடித்து வரப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தபோது செத்துப்போனான். அடித்தார்கள் என்ற குற்றச்சாட்டில் இல்லத்து ஊழியர்களே கைதானார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களை வைத்து ஒருநபர் குழு போட்டார்கள். அவரும் இல்லங்களைப் பார்த்து 2023-இல் அறிக்கை கொடுத்தார். நாம் என்ன செய்தோம்? பேப்பரில் படித்துவிட்டு உச்சுக் கொட்டினோம்.

ஓர் இல்லத்துக்குள் போய்ப் பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவு. நீளமான ஹால், அதுதான் வகுப்பறை. ஒரு பையன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவன். அவன் பக்கத்தில் ஒரு பொடியன், தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது. மூன்றாவது பையன் ஒடிசாவிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன், தமிழ் எழுத்தே தெரியாது. மூன்று பேருக்கும் ஒரே வேலை: பலகையில் இருக்கிற திருக்குறளைப் பார்த்து நோட்டில் பத்துத் தடவை எழுத வேண்டும். பிளஸ் ஒன் பையன் சீக்கிரமே முடித்துவிட்டுப் பொடியனின் கையைப் பிடித்து 'ழ' போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்த ஹாலில் பாடம் நடத்திய ஆள் அவன் ஒருவன்தான். ஆசிரியை எங்கே என்கிறீர்களா? தொகுப்பூதியத்தில் இருக்கிற அந்த அம்மா, அலுவலகத்தில் ஆள் இல்லையென்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டிய காகிதங்களை எழுதிக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் என்ன பாடம் எடுத்தார் என்று கேட்க அந்த வளாகத்தில் ஒரு தலைமையாசிரியர் கிடையாது. அதைத்தான் குறை சொல்கிறேன்.

சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது, கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், இல்லங்கள் எல்லாம் 41-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 53-ஆம் பிரிவு, பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி தர வேண்டும் என்கிறது. சரி, தகுந்த கல்வி என்றால் எது? எத்தனை நாள், எத்தனை ஆசிரியர், எந்தப் பாடத்திட்டம்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 220 வேலை நாள், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது, கணக்கு அறிவியலுக்குத் தனி ஆள் என்று அட்டவணை போட்டே சொல்கிறது. ஆனால் அது 14 வயதோடு நின்றுவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுகிற கணக்கில், பிடிபடும் சிறார்களில் முக்கால்வாசிப் பேர் 16 வயதைத் தாண்டியவர்கள். ஆக, யாருக்கு அளவுகோல் மிக அவசியமோ அவர்களுக்கு அளவுகோலே இல்லை. தெருமுனை நர்சரிப் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லையென்றால் நோட்டீஸ் ஒட்டுகிறோம். அரசாங்கமே பூட்டி வைத்து நடத்துகிற வகுப்புக்கு யார் நோட்டீஸ் ஒட்டுவது?

ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்கான சில குழந்தைகள் இல்லங்களில் வளாகத்துக்குள்ளேயே முறையான பள்ளி உண்டு, மறுக்கவில்லை. அதே ஏற்பாடு கூர்நோக்கு இல்லத்துப் பையனுக்கு ஏன் இல்லை? "ஜாமீன் வந்தால் போய்விடுகிற பையன், அதற்குள் என்ன படிப்பு?" என்பார்கள். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரணை அத்தனை நாளும் நடந்தால், நான்கு மாதம் என்பது ஏறக்குறையப் பாதிப் பள்ளியாண்டு. "குற்றம் செய்தவனுக்கு இத்தனை உபசாரமா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவன் விசாரணையில் இருப்பவன். அவன் குற்றம் செய்தான் என்று யாரும் இன்னும் முடிவு சொல்லவில்லை.

அவன் வெளியே வந்த பிறகு நடக்கிற கூத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பழைய பள்ளிக்கு வருகிறான். "மூணு மாசமா எங்கம்மா போனான்?" என்கிறார் ஹெச்.எம். அந்த அம்மா தரையைப் பார்க்கிறார். இல்லத்தின் பெயர் போட்ட காகிதத்தை நீட்டினால் அவன் கதை ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவும். நீட்டாவிட்டால் வருகை நாள் போதாது. அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 74-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பையனே தன் அடையாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் நிர்வாகத்துக்கு ஓக் ஹில் என்று பெயர் கெட்டுப்போன ஒரு சிறார் காப்பகம் இருந்தது. அதன் பள்ளியை 2007-இல் மாயா ஏஞ்சலோ பள்ளிகளை நடத்துகிறவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் பாடத்தைச் சின்னச் சின்ன அலகுகளாக வெட்டினார்கள். பையன் எந்த வாரம் வந்தாலும் எந்த வாரம் போனாலும், முடித்த பாடம் அவன் கணக்கில் ஏறியது. அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை, சிறார் காப்பகக் கொடுமைகளில் அவர்கள் நமக்கு இளைத்தவர்கள் அல்ல. நல்லதை எடுத்துக்கொள்வோம்.

இந்த வகுப்புகளுக்கும் மற்றப் பள்ளிகளைப் போல அங்கீகாரம் வேண்டும் என்கிறேன். ஆனால் ஜாக்கிரதை. அங்கீகாரம் என்றதும் சுண்ணாம்பு அடித்து, கம்ப்யூட்டர் வாங்கி, உறை பிரிக்காமல் வைத்து, ஆய்வுக்கு வந்தவருக்கு இளநீர் கொடுத்து அனுப்பும் அங்கீகாரம் நமக்கு வேண்டாம். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தவர்களில் எத்தனை பேர் வாசித்துக்கொண்டு போனார்கள்? காவலுக்கு ஆள் இல்லையென்று எத்தனை நாள் வகுப்பு நடக்கவில்லை? வெளியே போனவர்களில் மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் ஏதோ ஒரு பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் அங்கீகாரம் கொடுங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள். கொடுக்கவில்லை என்பதைச் சட்டமன்றத்தில் வையுங்கள்.

செயற்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு கூர்நோக்கு இல்லத்து வகுப்பையும் பக்கத்திலிருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியின் கிளையாக்க வேண்டும். மாணவர் பதிவுக்கான எமிஸ் எண், வருகை, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பள்ளியின் பெயரில் வர வேண்டும். நிரந்தர ஆசிரியர்களை அங்கே பணியமர்த்த வேண்டும். அவர்கள் பாடம் நடத்துகிறார்களா என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் வாரா வாரம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கூடுதல் வேலை என்று நம் ஆட்களே எதிர்ப்பார்கள், தெரியும். எதிர்க்கிறவர்கள் இப்போதே எழுந்து பேசட்டும். நான் உட்காருகிறேன், மைக் இங்கேதான் இருக்கிறது.