"எவ்வளவு?" என்று கேட்டால்

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக எமது சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் நாளில், படப்பிடிப்பாளரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"படம் எடுக்கிற கலையைப் பற்றிப் பேசுங்கோ" என்றுதான் என்னை அழைத்தார்கள். கலையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் காசைப் பற்றிப் பேசப் போகிறேன். அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

கமரா வாங்கிய முதல் ஒன்றரை வருடத்தில் இருபதுக்கு மேற்பட்ட வைபவங்களுக்குப் படம் எடுத்தேன். கிடைத்தது பஸ் காசும் பலகாரப் பையும். எல்லாம் சொந்தக்காரர், அயலவர். "பிள்ளை பழகிறாள்தானே" என்பார்கள். ஒரு கல்யாணத்தில் விடியற்காலை தொடங்கி இரவு வரை நின்றேன். சில மாதங்களில் அதே வீட்டில் சாமத்திய வீடு வந்தது. அதற்கு வேறொரு ஸ்ரூடியோக்காரரைக் காசு கொடுத்துப் பிடித்திருந்தார்கள். "உன்னைத் திரும்பத் திரும்பச் சும்மா கரைச்சல்படுத்தக் கூடாது எண்டுதான்" என்றார் அந்த மாமி. வீட்டுக்கு வந்து அழுதேன். மாமியில் பிழை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. விலை சொல்லாத ஒருத்தியிடம் இரண்டாம் தரமும் வேலை கேட்க அவருக்குக் கூச்சம்.

அன்றிரவு அப்பியாசக் கொப்பி ஒன்றில் என் விலையை எழுதி அம்மாவுக்கு வாசித்தேன். "இவ்வளவோ?" என்றார். செலவை எழுதிக் காட்டினேன். கமராவின் தேய்மானம், பற்றரி, மெமரி காட், ஓட்டோக் கூலி, அல்பம் அச்சிடும் காசு. ஒரு நாள் எடுத்த படங்களைத் தெரிந்து திருத்த மூன்று நாள். அம்மாவே கூட்டிப் பார்த்துவிட்டு, "குறைச்சல்லோ போட்டிருக்கிறாய்" என்றார். அந்த விலையைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு இன்னும் மூன்று மாதம் எடுத்தது.

முதலில் ஒழுங்காகக் காசு தந்தவை பூப்புனித நீராட்டு விழாக்கள்தான். தண்ணீர் வார்க்கும் இடத்துக்குள்ளும் உடுப்பு மாற்றும் அறைக்குள்ளும் ஆண் படப்பிடிப்பாளரை அனுமதிக்கத் தாய்மார் தயங்குகிறார்கள். தாயும் அந்தப் பிள்ளையும் சம்மதிக்காமல் ஒரு படத்தையும் முகநூலில் போடமாட்டேன் என்று முடிவெடுத்தேன். விளம்பரம் குறைந்தது. ஆனால் தாய்மார் தங்களுக்குள் சொல்லிச் சொல்லியே வேலை வந்தது. மணப்பெண் அலங்காரம் செய்யும் அக்காமார் அனுப்பிய வேலை அதைவிடக் கூட. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். பெரிய படப்பிடிப்பாளர்களிடம் நாட்கூலிக்கு இரண்டாவது கமராவாக நிற்பதும் நல்லது. காசும் வரும், பழக்கமும் வரும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வங்கிக் கடன் மட்டும் மாதாமாதம் வரும். அந்த மாதங்களில் கேக் செய்பவர்கள், தையற்காரர்கள், உடுப்புக் கடைக்காரருக்குப் பொருட்படங்கள் எடுக்கிறேன். முதலாந் தவணையில் பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகள் இருக்கும். அடையாள அட்டைப் படத்தை நம்பாதீர்கள். அதற்குப் பதிவு பெற்ற ஸ்ரூடியோ வேண்டும்.

ஒரு நிறுவனம் என் படங்களைக் கலண்டரில் அச்சடித்துவிட்டு, "உங்களுக்கும் விளம்பரம்தானே" என்றது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வாய் மூடி வந்தேன். அதற்குப் பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தேன். இப்போது என்ன படம், எத்தனை, எதற்குப் பயன்படுத்தலாம், எப்போது காசு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல், பாதி முற்பணம் பெறாமல் கமராவைத் தொடுவதில்லை.

பொகவந்தலாவைத் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1863இல், 48 வயதில் முதல் கமராவைக் கையில் எடுத்தவர். உலகம் இன்றும் கொண்டாடும் கலைஞர். அவரும் படங்களை இலண்டனில் சித்திர வியாபாரி மூலம் விற்றார், நூற்றுக்கணக்கானவற்றுக்கு உரிமைப் பதிவும் செய்தார். இதை அறிந்தபின் "கலைக்குக் காசு கேட்கலாமா" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து இணையவழியில் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமாரே, ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளின் சடங்கு வைக்க ஊருக்கு வருகிறீர்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். "எங்கட பிள்ளைதானே, குறைச்சுச் செய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே ஒரு படப்பிடிப்பாளரிடம் எப்படிக் கேட்பீர்களோ, அப்படியே "எவ்வளவு?" என்று கேளுங்கள்.

தங்கைகளே, என் விலைப்பட்டியலின் பிரதிகள் நூலக மேசையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் கொப்பியோடு வாருங்கள். உங்கள் விலையை எழுதி உரத்து வாசியுங்கள். அம்மாவும் வந்திருக்கிறார், கூட்டிப் பார்ப்பார்.