எட்டுக் குண்டும் ஐந்து பறவையும்

ராக் குழுவான ட்ரீம் தியேட்டரின் பெயரைச் சொன்னதுமே, "அவங்களா? மின்னல் வேகமாச்சே!" என்பார்கள். வேகத்தை விடுங்கள். சாதகம் செய்தால் அது யாருக்கும் வரும். நான் பேச வந்தது கட்டுமானத்தைப் பற்றி. 2005 ஜூனில் வெளிவந்த அவர்களுடைய எட்டாவது ஸ்டுடியோ ஆல்பம், 'ஆக்டவேரியம்'.

முதலில் அட்டை. கைப்பேசியில் நகம் அளவுக்குத் தெரிகிறதே, அப்படிப் பார்க்காதீர்கள், பெரிதாக்கிப் பாருங்கள். அமைத்தவர் ஹியூ சைம். கனடாவின் ரஷ் குழுவுக்குக் காலம்காலமாக அட்டை செய்தவர், கீபோர்டும் வாசிப்பார். திறந்த வெளியில் ராட்சத நியூட்டன் தொட்டில். ஓரத்துக் குண்டை இழுத்து விட்டால் மறு ஓரத்துக் குண்டு எழும்புமே, அதுதான். இங்கே குண்டுகள் எட்டு, இடையிடையே பறவைகள் ஐந்து. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயியை எண்ணிப் பாருங்கள்: மேல் ஷட்ஜத்தையும் சேர்த்தால் வெள்ளைக் கட்டை எட்டு, கறுப்புக் கட்டை ஐந்து.

ஆல்பமும் அதே கணக்குத்தான். பாட்டுகள் எட்டு. முதல் பாட்டு நாலு கட்டை சுருதி. அடுத்தது ஐந்து, பிறகு ஆறு, ஏழு என்று வெள்ளைக் கட்டைகளில் ஏறி, எட்டாவது பாட்டு மேல் ஸ்தாயி நாலு கட்டைக்கு வந்து சேர்கிறது. கறுப்புக் கட்டைகள்? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் ஓசைகளில். மறுபடியும் சொல்கிறேன்: எட்டுக் குண்டு, எட்டுப் பாட்டு, ஐந்து பறவை, ஐந்து கறுப்புக் கட்டை. ஆல்பத்தின் வரைபடமே அட்டையில் இருக்கிறது.

நடுவில் உள்ள பாட்டுகளை வேகமாகக் கடக்கிறேன். 'பேனிக் அட்டாக்'கின் தொடக்கத்தில் குழுவின் ஜான் மியூங் வாசிக்கும் பேஸ் கிட்டார் அபாரம். 'ஐ வாக் பிசைட் யூ' எனக்குப் பிடிக்காது; வானொலிக்கென்றே செய்தது போல இருக்கும். வானொலியில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்வதற்கு மன்னியுங்கள்.

என் உயிர் எட்டாவது பாட்டில். ஆல்பத்தின் பெயரே அதற்கும். சரியாக 24 நிமிடம். தொடக்கத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடம் குழுவின் கீபோர்டுக் கலைஞர் ஜோர்டன் ரூடெஸின் தனி ராஜ்யம். ஒன்பது வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் சேர்ந்தவர். அவர் வாசிப்பது லேப் ஸ்டீல் கிட்டாரும் கான்டினுவமும். கான்டினுவத்தை உருவாக்கியவர் லிப்போல்ட் ஹேக்கன். அதில் கட்டையே கிடையாது. மெத்தென்ற ஒரே பரப்பு. விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சுருதி வழுக்கும். அழுத்தினால் ஒலி பெருகும். முன்னும் பின்னும் நகர்த்தினால் நாதத்தின் குணமே மாறும்.

கீபோர்டுக்காரனான எனக்கு இது ஏன் பெரிய விஷயம்? கட்டை வாத்தியத்தில் கமகம் வராது என்பது பழைய குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலியே 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971 வரை அது நீடித்தது. அந்தக் குறைக்குப் பதில் சொல்கிற வாத்தியம் இது. ரூடெஸ் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி இறங்குகிறார் என்று மட்டும் கேளுங்கள். அவசரமே இல்லை. மின்னல் வேகக் குழு என்றீர்களே, இங்கே அவசரமே இல்லை!

என்னிடம் கீபோர்டு கற்கும் ஒரு பையன் இந்த நான்கு நிமிடத்தையும் தள்ளிவிட்டு, "சார், பாட்டு இங்கதான் ஆரம்பிக்குது" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இன்றைய கேட்கும் பழக்கமே இதுதான்: தள்ளிவிடு, கலைத்துப் போடு, பிடித்த துண்டை மட்டும் கேள். இந்த ஆல்பத்தைக் கலைத்துப் போட்டால் ஸ்தாயி உடைந்துவிடும். கடைசிப் பாட்டு அடங்கும்போது, முதல் பாட்டு எந்த ஓசையில் பிறந்ததோ அதே ஓசை கேட்கும். வரிசையாகக் கேட்டவர்களுக்குத்தான் அது புரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எழுபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அட்டையை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தள்ளாமல் முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். அதன் பிறகும் வேகம்தான் என்று தோன்றினால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.