நடுப்பகல் நிழல்



ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் முறை பற்றிப் பேச எனக்குத் தகுதி அதிகம் இல்லை. நான் கலைப் பட்டதாரி. சர்க்கார் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவது என் உத்தியோகம். பொருளைக் காணாமலே அதன் பெயரைக் கையாள்வது எங்களுக்குப் பழகிப் போன ஒன்று. நான் சிறுவயதில் படித்த விஞ்ஞானமும் அத்தகையதே. ஆவியாதல் என்றால் என்ன என்று பிழையின்றி ஒப்பித்தேன். கொல்லையில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டிக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு உண்டென்று யாரும் காட்டவில்லை.

வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குழந்தைகளுக்கு இந்த முறையால் விளையும் தீங்கு இரு மடங்கு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் டில்லிக்கு மாற்றலாகி வந்தோம். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "சீண்டிக்கு எத்தனை கால்கள்?" என்று ஒருநாள் வகுப்பில் கேட்டார்களாம். எறும்புக்கு ஆறு கால் என்பதை அவள் சர்க்கரை டப்பாவின் அருகே அமர்ந்து எண்ணிப் பார்த்தவள். ஆனால் சீண்டி என்பது எறும்புதான் என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே பேசாமல் நின்றாள். மந்தமான குழந்தை என்று பெயர் வந்தது. அறிவு இருந்தது, சொல் இல்லை. பள்ளியோ சொல்லைத்தான் கேட்டது.

மூன்றாம் வகுப்பில் வேறோர் ஆசிரியை வாய்த்தார். 2023 ஏப்ரல் 20ஆம் தேதி அவர் குழந்தைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் உயரம் இருக்குமாறு ஒரு கோலை நட்டார். கோல் செங்குத்தாக நிற்கிறதா என்பதை, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் குழந்தைகளே பார்த்தார்கள். பதினொன்றரை மணி முதல் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்கப்பட்டது. இடையிடையே மரத்தடிக்கு ஓடி வந்துவிடுவார்கள். ஆயினும் வெயிலைப் பற்றித் தாய்மார் சிலர் மறுநாள் முறையிட்டனர். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு மணிக்குப் பத்துக் கற்கள் வளைந்த வரிசையாகக் கிடந்தன. கோலுக்கு மிக அருகில் இருந்தது ஆறாவது கல். தூரம் 31 சென்டிமீட்டர், திசை வடக்கு.

அந்தக் கல்லை வைத்தபோது கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கல்லவா வரவேண்டும் என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தானாம். நம் நாட்டுக் கடிகாரங்கள் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்க ரேகையை அனுசரித்து ஓடுகின்றன. டில்லி அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் அங்கு உச்சிக்கு வரச் சற்றுத் தாமதமாகிறது.

அன்று மாலை என் மகள் வாய் ஓயாமல் பேசினாள். நிழலுக்கு இந்தியில் 'பர்ச்சாயீ' என்று தெரிந்துகொண்டு வந்திருந்தாள். நான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நாலு நாளில் மறந்திருப்பாள்.

மே மாதம் விடுமுறைக்குத் திருச்சிராப்பள்ளி சென்றோம். தாத்தா வீட்டுக் கொல்லையிலும் அவள் ஒரு கோலை நட்டுக் கற்களை வைத்தாள். மிகக் குறுகிய நிழல் 16 சென்டிமீட்டர். அது வடக்கே விழவில்லை. தெற்கு மதிலை நோக்கி விழுந்திருந்தது. "எங்கேயோ தப்புச் செய்துவிட்டாய்" என்றார் தாத்தா. மூன்று நாள் திரும்பச் செய்தாள். மூன்று நாளும் தெற்கேதான். "நடுப்பகலில் நிழல் வடக்கே விழும்" என்று ஆசிரியை எழுதச் சொன்ன நோட்டுப் புத்தகத்தின் எதிர்ப் பக்கத்தில் இதையும் எழுதிக்கொண்டாள். ஜூலை மாதம் இதைக் காட்டினால் அடி விழுமோ, ஏளனம் விழுமோ என்ற அச்சம் அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

ஆசிரியை நோட்டைப் படித்துவிட்டு, "இது எனக்குத் தெரியாது, பார்ப்போம்" என்றாராம்.

இவ்வாறு சொல்லும் துணிவை ஆசிரியர்களுக்கு அளிக்க நம் நாட்டில் முன்பே ஒரு முயற்சி நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல், பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கியது. குழந்தைகள் நால்வர் நால்வராக அமர்ந்து தாமே சோதனை செய்தார்கள். பாடநூலில் விடைகள் அச்சாகவில்லை. செய்து பார்த்தே எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம், கைவேலைக்கும் மதிப்பெண் உண்டு. சவாலிராம் என்றொரு கற்பனைப் பாத்திரம். குழந்தைகள் தங்கள் சந்தேகங்களை அவருக்குக் கடிதமாக எழுதுவார்கள். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த அத்திட்டத்தை 1982 முதல் ஏகலவ்யா என்ற நிறுவனம் ஏற்று வளர்த்தது. ஆரம்ப வகுப்புகளிலும் அது பின்னர் இறங்கியது. 2002இல் மாநில அரசு ஹோஷங்காபாத் திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு அது. ஆனாலும் அதன் சாயலை 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாடத்திட்ட வரைவுக்குப் பின் வந்த மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சுற்றுச்சூழல் நூல்களில் காணலாம்.

நூல் நன்றாக இருந்தும் பள்ளி அதைக் கெடுத்துவிடுவது உண்டு. கடையில் வாங்கிய தெர்மோகோல் அட்டையில் இரவு பதினோரு மணிக்குத் தகப்பனார் எரிமலை செய்கிறார், குழந்தை உறங்குகிறது. இதற்குச் செயல்வழிக் கல்வி என்று பெயர்!

அந்த வகுப்பில் நடந்ததற்கு வருகிறேன். அறையை இருட்டாக்கி, பூகோள உருண்டையின் மீது டில்லியிலும் திருச்சியிலும் இரு தீக்குச்சிகளை மெழுகால் ஒட்டி, எட்ட நின்று கைவிளக்கை அடித்தார்கள். விளக்கு மேலே ஏற ஏற, திருச்சிக் குச்சியின் நிழல் சுருங்கி, மறைந்து, மறுபுறம் விழுந்தது. டில்லிக் குச்சியின் நிழலோ சுருங்கியதே தவிர, புறம் மாறவில்லை. சூரியன் தலைக்கு நேராக வரும் எல்லை கடக ரேகை. அது போபாலுக்குச் சற்று வடக்கே செல்கிறது. அதற்கும் வடக்கே உள்ள டில்லி, ஜெய்ப்பூர், லக்னோ ஆகிய ஊர்களில் நடுப்பகல் நிழல் என்றும் வடக்கேதான். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் சூரியன் தலைக்கு நேராக நிற்கிறது; அதிலிருந்து ஆகஸ்டு நான்காம் வாரம் வரை நிழல் தெற்கே விழுகிறது. மும்பையிலும் கல்கத்தாவிலும் உள்ள நேயர்கள் இந்தத் திசைமாற்றத்தை ஜூன் மாதம் தம் வீட்டு வாசலிலேயே காணலாம்.

மழைக்காலம் எது என்ற வினாவும் பின்னர் அவ்வகுப்பில் எழுந்தது. மற்றக் குழந்தைகள் ஜூலை, ஆகஸ்டு என்றார்கள். என் மகள், எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்றாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு யார் யார் எந்த ஊர் செல்கிறீர்கள் என்று ஆசிரியை கேட்டு, பலகையில் எழுதிக்கொண்டார். ஒருவன் கௌஹாத்தி, ஒருத்தி கொல்லம், இருவர் பாட்னா. அந்த மாதத்தில் நிழல் எல்லா ஊரிலும் வடக்கேதான் விழும். ஆனால் நீளம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆளுக்கு ஒரு மீட்டர் நூலை அளந்து வெட்டிக் கொடுத்தார். என் மகளின் நூல் பென்சில் பெட்டியில் இருக்கிறது.